ஊசி குத்திய பேப்பர்

பெரன் துறையில் டாம்சின் பென்னாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பிறகுதான் பேசுவார்கள். நல்லவள்தான், கை சுத்தம், பிரசவம் என்றால் பாதி ராத்திரியில்கூட ஓடி வருவாள், எல்லாம் சரி. ஆனால் தபால் ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் பெற்ற தாயே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது என்பார்கள்.

அந்த மாகாணத்தில் அப்போது கடிதத்துக்குக் கட்டணம் உண்டு, செய்திப் பத்திரிகைக்குக் கிடையாது. இது போதாதா ஜனங்களுக்கு? தலைநகரத்தில் இருக்கிற அக்கா தங்கைகளும் மாப்பிள்ளைகளும் ஒரு பழைய பத்திரிகையை எடுத்து, சொல்ல வேண்டிய சேதிக்கு வேண்டிய எழுத்துகளுக்குக் கீழே ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி, மடித்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளை பிறந்தது, பசு செத்தது, மாமியார் வருகிறாள், எல்லாமே ஊசித் துளையில் இலவசமாக வந்து சேரும். மற்ற ஊர்களில் தபால்காரர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள். டாம்சின் மட்டும் வருகிற ஒவ்வொரு பேப்பரையும் பிரித்து, வடக்கு ஜன்னலின் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். துளை தெரிந்தால் அது கடிதம். துளை இருக்கிற இடத்திலேயே சிவப்பு மையில் தேதி முத்திரையைக் குத்தி, பதிவேட்டில் ஒரு வரி எழுதி, கட்டணத்தை வாங்கிக்கொண்டுதான் கையில் கொடுப்பாள்.

"மகராசி, அது அந்துப்பூச்சி அரிச்ச ஓட்டைடி" என்றாள் ஒருநாள் ரொட்டிக்கடை மிஸஸ் ஹோக்கிங்.

"அந்துப்பூச்சிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமா அக்கா? 'சாராவுக்கு நிச்சயம் ஆயிடுச்சு'ன்னு வரிசையா அரிச்சிருக்கே."

"நீ படிச்சிட்டியா? படிச்சிட்டு எனக்கே கட்டணமும் போடறியா?"

"ஊருக்கே நீதான் சொல்லப்போற. நான் முதல்ல படிச்சா என்ன குறைஞ்சிடும்?"

மிஸஸ் ஹோக்கிங் சில்லறையை ஜன்னல் பலகையில் அடித்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் வழக்கம்போல டாம்சின் வீட்டுக்குக் குங்குமப்பூ ரொட்டி வந்தது. கோபம் ஜன்னலோடு சரி, அது வாசல்வரைக்கும் வராது. அந்த ஊர் அப்படி.

தபால் அறை இருந்தது பைலட் வீட்டின் முன்கட்டில். டாம்சினின் புருஷன் ஜாபெஸ் பென்னாதான் துறைமுகப் பைலட். கோதுமையும் கம்பளி மூட்டையும் ஏற்ற வருகிற கப்பல்களை மணல்திட்டுக்கு இடையில் இருக்கிற ஒற்றைக் கால்வாய் வழியாக உள்ளே கொண்டுவந்து, மறுபடி வெளியே கொண்டுபோய் விடுவது அவன் வேலை. வீடு அரசாங்கத்தினுடையது. பைலட் உரிமம் இருக்கிறவரைக்கும் வீடு. வீடு இருக்கிறவரைக்கும் தபால் அறை. பதினோரு வருஷமாக இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தன.

அந்தப் பிப்ரவரியில் முதல் முட்டு சரிந்தது.

'மார்த்தா டீன்' என்ற கப்பல் முழுச் சரக்கோடு வெளியே கிளம்பிய நாள் அது. வடக்கிலிருந்து அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. உள்நாட்டுச் செம்மண் முழுக்கக் கடல்மேல் வந்து நின்றது மாதிரி புழுதி. கரையில் நின்றவர்களுக்குக் கடலுக்குள் நீளும் படகுப் பாலத்தின் நுனிகூடத் தெரியவில்லை. கால்வாயின் பாதியில் கடல்நீர் இறங்கி வற்றம் ஆரம்பித்துவிட்டதைப் பார்த்த ஜாபெஸ், நங்கூரம் போட்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கலாம் என்றான். கேப்டன் ராஸ்க் கேட்கவில்லை. ஏற்கெனவே இரண்டு நாள் போய்விட்டது, போயே தீருவேன் என்று சுக்கான் பிடித்தவனுக்குத் தானே உத்தரவு கொடுத்தார். பைலட் விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. தன் சொல்லைக் கேப்டன் மீறினால், கொடிமரத்தில் பறக்கிற பைலட் கொடியை இறக்கச் சொல்ல வேண்டும். கொடி இறங்கிய நொடியிலிருந்து கப்பல் கேப்டனின் பொறுப்பு. ஜாபெஸ் இறக்கச் சொன்னான். துணை மாலுமி அசையவில்லை. ஈயக்குண்டைக் கயிற்றில் விட்டு ஆழம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவன், புழுதிக்காக முகத்தில் துணி சுற்றியிருந்தவன், குண்டை வைத்துவிட்டு வந்து கொடியை இறக்கினான். அதற்குப் பிறகு கால் மணி நேரத்தில் கப்பல் திட்டில் ஏறியது. பாதிச் சரக்கைக் கடலில் தள்ளி, மறு ஏற்றத்தில் மிதந்து, சுக்கான் உடைந்து, நொண்டிக்கொண்டே தலைநகரத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கப்பல் தரைதட்டினால் விசாரணை முடியும்வரை பைலட்டின் உரிமம் நிறுத்தி வைக்கப்படும். அதுவும் விதிதான். ஜாபெஸ் பைலட் படகைத் தொடக்கூடாது என்று காகிதம் வந்தது. அந்தக் காகிதத்தையும் தபால் பையிலிருந்து எடுத்து, முத்திரை குத்தி, புருஷனிடம் கொடுத்தவள் டாம்சின்தான்.

ஜாபெஸ் காலையில் பாறைப்பக்கம் போய்த் தூண்டில் போட்டுக் கிழங்கான் மீன் பிடித்து வருவான். ஒரு குடும்பம் தின்கிற அளவுக்கு இல்லை, ஒரு கல்யாணத்துக்கு ஆகிற அளவுக்கு. டாம்சின் அவற்றை மாவில் புரட்டி வறுத்து, மிச்சத்தை உப்புப் போட்டு, அதற்கும் மிச்சத்தை அக்கம்பக்கம் கொடுத்தும், அதற்கு மேலும் மிச்சம் இருந்தது.

"நீ பிடிக்கிற வேகத்துக்கு இந்தக் கடல்ல இனி மீனே இருக்காது ஜாபெஸ்."

"வேற என்ன பண்ணச் சொல்ற? கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"கொடியை இறக்கினவன் யாருன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்."

"மூஞ்சி முழுக்கத் துணி. கண்ணு மட்டும் தெரிஞ்சுது. அதுவும் புழுதியில சிவந்து கெடந்துது. எல்லாக் கண்ணும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துது." மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னான். "கேப்டன் பொய் சொல்ல மாட்டார் டாம்சின். கோபக்காரர்தான். ஆனா முப்பது வருஷமா கப்பல் ஓட்டறவர்."

முப்பது வருஷம் கப்பல் ஓட்டியவருக்கு இழக்கவும் முப்பது வருஷம் இருக்கும் என்று டாம்சினுக்குத் தோன்றியது. அடுப்பை ஊதினாள்.

பதினான்காம் தேதி தபால் வண்டி வந்தது. பையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பைலட் படகை ஓட்டுகிற தண்டல் மேக்னஸ் ஜன்னலோரம் நின்று சுங்கானில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, ஜாபெஸோடு பதினோரு வருஷம் படகில் போனவர். கடிதங்களை வகை பிரித்து முடித்த டாம்சின் பேப்பர்களை எடுத்தாள். மூன்றாவது பேப்பரின் மேலே, அச்சடித்த எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்தது போல முகவரி இருந்தது: ஜாபெஸ் பென்னா, பைலட், பெரன் துறை.

பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். முதல் பக்கம் முழுக்கத் துளை.

அவள் கை அந்தரத்திலேயே நின்றது. மேக்னஸும் பார்த்துவிட்டார்.

"மடிச்சு உள்ள வை தாயி" என்றார் அடங்கின குரலில்.

"ஓட்டை இருக்கு."

"இருக்கட்டும். நான் பார்க்கல. எனக்குக் கண்ணு மங்கிப் பல நாளாச்சு."

"நேத்து ரெண்டு மைல் தூரத்துல வர்ற கப்பல் பேரைப் படிச்சீங்களே அண்ணே."

"அது தூரப்பார்வை. இது கிட்டப்பார்வை." சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். "விளையாட்டு இல்ல டாம்சின். புருஷன் மேல விசாரணை நடக்குது. இந்த நேரத்துல, இந்த வீட்டுக்குக் கள்ளத்தனமா சேதி வருதுன்னு நீயே உன் கையால பதிவேட்டுல எழுதி, வாரக் கடைசியில தலைமை ஆபீசுக்கு நகல் அனுப்புவியா? அவன் வேலை போகட்டும், உன் வேலையும் போகணுமா? அப்புறம் எங்கே போய்க் குடியிருப்பீங்க, என் படகுலயா?"

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். டாம்சின் பேப்பரை மேசையில் வைத்தாள். மூன்று மாசத்துக்கு முன்னால், ஒரு பெண்ணிடம், அவள் புருஷன் காய்ச்சலில் கிடந்தபோது வந்த துளைப் பேப்பருக்குக்கூடக் கட்டணம் வாங்கியது ஞாபகம் வந்தது. அவள் அழுதுகொண்டேதான் கொடுத்தாள். இன்றைக்கு இதை மடித்து உள்ளே வைத்துவிட்டால் நாளைக்கு அந்தப் பெண்ணை எந்த முகத்தோடு பார்ப்பது? பயந்தாள், நிஜமாகவே பயந்தாள். ஆனால் வெட்கம் பயத்தைவிட ஒரு பிடி அதிகமாக இருந்தது.

முத்திரையைச் சிவப்பு மையில் நன்றாக அழுத்தி, துளைகள் நெருக்கமாக இருந்த இடத்தில் குத்தினாள். பதிவேட்டில் எழுதினாள்: துளையிட்ட பத்திரிகை ஒன்று, பெறுநர் ஜே. பென்னா, கடிதக் கட்டணம் வசூல். தன் மேலங்கிப் பையிலிருந்து காசை எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

"மண்டை கனம் பிடிச்சவ" என்றார் மேக்னஸ். போகாமல் அங்கேயே நின்றார்.

ஜாபெஸைக் கூப்பிட்டு மூவருமாக எழுத்துக் கூட்டினார்கள். மேக்னஸ் கரித்துண்டால் பலகையில் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டே வந்தார். கொடியை இறக்கினது நான். அப்புறம்தான் கப்பல் தட்டிச்சு. கொடி பறந்துச்சுன்னு சொல்லச் சொல்லி கேப்டன் எல்லார்கிட்டயும் சொல்றார். இசாக் லிண்ட்.

ஜாபெஸ் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டான். "யாருன்னே தெரியாதே எனக்கு. எனக்காக எதுக்கு இவன்..."

டாம்சினுக்குத் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இசாக் லிண்ட் பெயருக்குக் கடல் கடந்து ஒரு கடிதம் வந்திருந்தது. கேட்டு வராத கடிதத்தை மூன்று மாசம்தான் வைத்திருக்கலாம்; அதற்குப் பிறகு தலைநகரத்துக்கு அனுப்பிவிட வேண்டும், அங்கே போனால் போனதுதான். ஆளைத் தேடிப் போகச் சொல்லி விதி இல்லை. தேடக் கூடாது என்றும் இல்லை. வருகிற ஒவ்வொரு கப்பலின் படகும் பாலத்தை ஒட்டும்போது டாம்சின் அங்கே போய் நின்று கேட்பாரற்ற கடிதங்களின் பட்டியலைச் சத்தமாக வாசிப்பாள். மாலுமிகள் கேலி செய்வார்கள், சிலர் அடுத்தவன் பெயருக்கு ஆமா போடுவார்கள். மூன்று மாசம் முடிய இரண்டு நாள் இருந்தபோது, கடைசித் துடுப்பில் உட்கார்ந்திருந்த வெளுத்த தலைமுடிக்காரன் ஒருவன் எழுந்து நின்றான். படகு கவிழப் பார்த்தது.

கடிதத்துக்குக் கட்டணம் கட்டாமல் அனுப்பியிருந்தார்கள். வாங்குகிறவன்தான் கட்ட வேண்டும். அவன் பையைத் திருப்பிக் காட்டினான், ஒன்றும் இல்லை. சும்மா கொடுக்க விதி இல்லை. டாம்சின் கோடரியைக் கையில் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் விறகு பிளந்தான். அவள் கூலி கொடுத்தாள், அவன் அதை அப்படியே ஜன்னல் பலகையில் வைத்தான், அவள் கடிதத்தை நீட்டினாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட மாவுப் பொதி ஒன்றையும் கொடுத்தாள். அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. பேனா பிடிக்கத் தெரியாது, அச்செழுத்து மட்டும் வாசிப்பேன் என்று அவன் அரைகுறைப் பேச்சில் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது.

"அதான் ஊசி" என்றாள் டாம்சின். "காசை மிச்சம் பிடிக்கக் குத்தல. எழுதத் தெரியாமக் குத்தியிருக்கான். நான் அதுக்குப் போய்க் கட்டணம் போட்டேன் பாரு."

மார்ச் முதல் வாரம் ஜாபெஸ் பேப்பரை எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சரக்குப் படகில் விசாரணைக்குப் போனான். மேக்னஸ் கூடப் போனார். போன பிறகு பத்து நாளும் டாம்சின் தூங்கினாளோ இல்லையோ, தபால் மட்டும் ஒரு நிமிஷம் தாமதமாகவில்லை. மிஸஸ் ஹோக்கிங் தினமும் வந்தாள்.

"சாப்பிட்டியாடி?"

"ஆச்சு."

"பொய். அடுப்புல பூனை படுத்திருக்கு. இந்தா, சூடா இருக்கு, என் முன்னாலயே தின்னு." ரொட்டியைப் பிட்டு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "வீடு போனா என் கடை மாடி இருக்கு. எலி உண்டு, ஆனா ஒழுக்கமான எலி. வாடகைன்னு வாயைத் திறந்தா வெளியே தள்ளிடுவேன்."

டாம்சின் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே அழுதாள். கட்டணம் போட்டுக் கட்டணம் போட்டு இந்த மனுஷியைப் படுத்தியது போதாது என்று அவள் ரொட்டியையும் தின்றுகொண்டிருக்கிறேனே என்று சொல்லி அழுதாள். "அழுதுட்டே தின்னாத, விக்கும்" என்றாள் மிஸஸ் ஹோக்கிங்.

பதினோராம் நாள் மத்தியானம். காற்று தெற்கே திரும்பி வெயில் தணிந்திருந்தது. கரையில் ஒதுங்கிய கடற்பாசியின் நாற்றம் வழக்கம்போல மூக்கைத் துளைத்தது. பாலத்தில் யாரோ கத்தினார்கள். கோதுமை ஏற்ற வருகிற ஒரு கப்பல் கால்வாய் வாயில் தெரிந்தது. இந்த ஊருக்கு இப்போது பைலட்டே கிடையாது. பின்னே யார் உள்ளே கொண்டுவருவது? டாம்சின் முத்திரையைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடினாள். கொடிமரத்தில் பைலட் கொடி, வெள்ளையும் சிவப்புமாக, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தலைநகரத்திலிருந்து கிளம்பின கப்பலிலேயே ஏறி, ஜாபெஸ் தன் துறைக்குத் தானே வழிகாட்டிக்கொண்டு வந்தான்.

அன்று மாலை வீடு கொள்ளாத கூட்டம். கதையைச் சொன்னது மேக்னஸ்தான். ஜாபெஸ் சொன்னால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவான்.

"பேப்பரை நீட்டினதும் கேப்டனோட வக்கீல் சிரிச்சான். 'பென்னாவோட சம்சாரம் தபால்காரி. வீட்ல ஊசிக்கா பஞ்சம்? நேத்து ராத்திரி உக்காந்து குத்தினது'ன்னான். விசாரிக்கிற பெரியவர் ஒருத்தர், கண்ணாடி போட்டவர், பேப்பரை வாங்கிப் பார்த்தாரு. புரட்டினாரு. மறுபடி பார்த்தாரு. 'இந்தச் சிவப்பு முத்திரை எப்பக் குத்தினது?'ன்னாரு. பிப்ரவரி பதினாலு. 'இதுக்குக் கட்டணம் வாங்கியிருக்காங்களா? தலைமை ஆபீஸ்லேருந்து நகல் கொண்டா'ன்னாரு. ஆள் ஓடினான். நம்ம டாம்சின் கையெழுத்துல, வரி இருக்கு! கொடி பறந்துச்சுன்னு கேப்டன் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தது இருபதாம் தேதி, இது அதுக்கு ஆறு நாள் முந்தியே வந்தாச்சு. வக்கீல் விடல. 'முத்திரை அன்னைக்குக் குத்தினதா இருக்கட்டும், ஓட்டையை அப்புறம் போட்டிருக்கலாமே'ன்னான்."

"அட படுபாவி" என்றாள் மிஸஸ் ஹோக்கிங்.

"பெரியவர் ரெண்டாம் தாளைத் தூக்கிக் காட்டினாரு. முத்திரை மை ஓட்டை வழியா இறங்கி, அந்தத் தாள்ல சிவப்புச் சிவப்பாப் புள்ளி வச்சிருக்கு. ஓட்டை முன்னாலயே இல்லாட்டி மை எப்படி இறங்கும்? வக்கீல் உக்காந்துட்டான். கேப்டன் மூஞ்சியைப் பார்க்கணுமே, நம்ம டாம்சின்கிட்ட கட்டணம் கட்டின மூஞ்சி மாதிரி இருந்துது!" மேக்னஸ் அவள் பக்கம் திரும்பினார். "தாயி, உன்னை மண்டைக் கனம்னு சொன்னேன். அந்த மண்டையை ஆண்டவன் அப்படியே வச்சிருக்கட்டும்."

ஜாபெஸ் எல்லார் முன்னாலும் டாம்சின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கல்யாணத்தன்று பிடித்ததற்குப் பிறகு ஊரறிய அவன் பிடித்தது அதுதான் இரண்டாம் தடவை.

மறுநாள் தபால் ஜன்னலில் வரிசை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துளைப் பேப்பர். சிலரிடம் போன வருஷத்துப் பேப்பர். முதலில் நின்றவள் மிஸஸ் ஹோக்கிங்.

"எதுக்கும் ஒரு குத்துக் குத்தி வை. பின்னாடி எதுக்காவது ஆகும்."

"பழைய பேப்பருக்கெல்லாம் குத்த விதி இல்ல அக்கா."

"பாவி, அதுக்கும் விதியா!"

ஒரு மாசம் கழித்து விசாரணைச் சபை அந்தப் பேப்பரைத் திருப்பி அனுப்பியது. டாம்சின் பழக்கத்தில் ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்துக்குத் தூக்கினாள். கடைசிப் பக்கத்தில், கேட்பாரற்ற கடிதங்களின் பெயர்ப் பட்டியல் அச்சாகியிருக்கிற இடத்தில், இன்னும் சில துளைகள் இருந்தன. சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு யாரும் அதுவரைக்கும் புரட்டவில்லை. இப்போது தனியாக உட்கார்ந்து கூட்டினாள்.

அம்மாவோட கடைசிக் கடிதம் அது. நீங்க என் பேரைக் கூப்பிட்டீங்க.

ஜாபெஸ் ஈரக் காலோடு உள்ளே வந்து அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். அவனும் படித்து முடித்தான். மெல்லக் கேட்டான்:

"ஒரே பேப்பர்ல ரெண்டு கடிதம். இதுக்குத் தனியாக் கட்டணம் உண்டா?"

"எடைக்குத்தான் கட்டணம்" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஓட்டைக்கு எடை ஏது?"

லிண்ட் கூலியைக்கூட வாங்காமல் 'மார்த்தா டீனை' விட்டு வேறு கப்பலேறிவிட்டான் என்று மேக்னஸ் விசாரித்து வந்திருந்தார். எந்தக் கப்பல், எந்தத் திசை, யாருக்கும் தெரியவில்லை. அன்று மாலை டாம்சின் ஒரு கடிதம் எழுதினாள். கையெழுத்தில் இல்லை, அவன் வாசிக்கும்படி ஒவ்வொரு எழுத்தையும் அச்செழுத்துப் போல. வீடு எங்களிடமே இருக்கிறது, விறகு நிறைய இருக்கிறது, அடுத்த தடவை கோடரியைத் தொடாமல் நேராகச் சாப்பிட உட்காருங்கள் என்று எழுதினாள். 'இசாக் லிண்ட், மாலுமி, பெரன் துறையில் கேட்டு வாங்கிக்கொள்ள' என்று முகவரி போட்டு, வாங்குகிறவன் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லாதபடி கட்டணத்தைத் தானே கட்டி, முத்திரை குத்தி, ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அறையில் வைத்தாள்.

மூன்று மாசம் முடிந்த அன்று விதிப்படி அதைத் தலைநகரத்துக்கு அனுப்பினாள். அதே நாளில் அதே சேதியை மறுபடி எழுதி, மறுபடி கட்டணம் கட்டி, அதே இடத்தில் வைத்தாள். நான்காவது தடவை எழுதியபோது ஜாபெஸ் பக்கத்தில் உட்கார்ந்து மெழுகு உருக்கிக் கொடுத்தான்.

மறுநாள் காலை புதிதாக வந்த கப்பலின் படகு பாலத்தை ஒட்டியபோது டாம்சின் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தாள். காற்றுக்கு மேலாகக் கேட்க வேண்டுமே என்று கையை வாயில் குவித்து, முதல் பெயரை வாசித்தாள்.

"இசாக் லிண்ட்!"

துடுப்புகள் நின்றன. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, இன்னொரு தடவை கூப்பிட்டாள்.